பள்ளிக்கூடத்தில் உடல்நலக் கல்வி: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்கள் ஒன்றியத்தில் உடல்நலக் கல்வியில் அக்கறையுள்ள ஆசிரியர்கள் பதினைந்து இருபது பேர் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறோம். குறுவளமையப் பயிற்சி, அதாவது பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்குச் சேர்த்து நடக்கும் பயிற்சி, முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் ஆரம்பித்த பேச்சு அது. பெயர்ப்பலகை, சந்தா எதுவும் இன்னும் கிடையாது. அந்தக் கூட்டங்களிலும் பள்ளியில் நடக்கும் பெற்றோர் கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

அறிவியல் பாடத்திலேயே சத்துக்குறைபாடு, நோய்கள் எல்லாம் வருகிறதே, தனியாக உடல்நலக் கல்வி எதற்கு?

வருகிறது. வைட்டமின் சி குறைந்தால் என்ன நோய் என்று கேட்டால் என் பிள்ளைகள் கோரஸாக "ஸ்கர்வி" என்பார்கள். அதே பிள்ளைகள் இன்டர்வெல் மணி அடித்ததும், வாசலில் நெல்லிக்காயைக் கூறுகட்டி வைத்திருக்கிற பாட்டியைத் தாண்டிப் போய் ஐந்து ரூபாய்ப் பாக்கெட் வாங்குவார்கள். தெரிந்திருப்பது ஒன்று, கைக்குப் பழகுவது ஒன்று. உடல்நலக் கல்வி இந்த இரண்டாவதைப் பற்றியது.

கை கழுவுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். "சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும்" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். நான் செய்வது இது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு சொட்டு நல்லெண்ணெய், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். இரண்டு கையிலும் நன்றாகத் தேய்த்துக்கொள்ளச் சொல்வேன். முதலில் வெறும் தண்ணீரில் கழுவட்டும். மஞ்சள் போகாது. அப்புறம் கட்டிச் சோப்பு. சோப்பில் காரத்தன்மை இருப்பதால் அது பட்ட இடத்தில் மஞ்சள் சிவக்கும். சுண்ணாம்பு கலந்ததும் ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதனால்தான். கழுவி ஊற்றுவதற்கு முன்னால் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தால், கட்டைவிரலின் அடிப்பகுதி, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் இன்னும் மஞ்சளாகவே இருக்கும். சோப்பு அங்கே போகவேயில்லை என்பதைப் பிள்ளையே கண்ணால் பார்த்துவிடுகிறது. போன வருடம் மூன்றாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி தன் கட்டைவிரலை உற்றுப் பார்த்துவிட்டு, "டீச்சர், இவ்ளோ நாளா இத நான் கழுவவே இல்லையா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அவளிடம் கை கழுவு என்று நான் சொன்னதாக நினைவில்லை.

சில கைகழுவும் திரவங்களில் இந்த நிறமாற்றம் வராது. செய்து பார்க்கிறவர்கள் கட்டிச் சோப்பையே வாங்குங்கள்.

மருத்துவரும் செவிலியரும் செய்ய வேண்டிய வேலையை ஆசிரியர் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

இந்தக் கேள்வியில் இருக்கிற அலுப்பு எனக்கும் உண்டு. கணக்கெடுப்பு, தேர்தல் பணி, செயலியில் பதிவேற்றம் என்று ஏற்கெனவே கழுத்துவரை வேலை. ஆனாலும் ஒரு பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1890களில் அமெரிக்காவின் பாஸ்டன், நியூயார்க் போன்ற நகரங்களில் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க மருத்துவர்களை நியமித்தார்கள். தொற்றிக்கொள்ளும் கண்நோய், சிரங்கு, பேன், படர்தாமரை என்று எது தென்பட்டாலும் மற்றவர்களுக்குப் பரவக்கூடாதென்று பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்குப் போன பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த ஏழைக் குடும்பங்கள் அங்கே அதிகம். சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் எத்தனையோ பேர். 1902இல் லில்லியன் வால்ட் என்ற செவிலியர், தன்னுடன் வேலை செய்த லினா ரோஜர்ஸ் என்ற செவிலியரை ஒரு மாதம் சோதனையாக நியூயார்க்கின் நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார். லினா பள்ளியிலேயே புண்ணைக் கழுவிக் கட்டினார். பிறகு வீட்டுக்கே போய் அம்மாவுக்குச் செய்துகாட்டினார். சோதனை பலித்தது, மேலும் பல செவிலியர்களை வேலைக்கு எடுத்தார்கள். 1902 செப்டம்பரில் அந்த நகரத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். அடுத்த ஆண்டு செப்டம்பரில் 1,101 பேர்.

நோயைக் கண்டுபிடிக்க மருத்துவர் முன்பே இருந்தார். பிள்ளை மறுபடி வகுப்பில் வந்து உட்கார்ந்தது, யாரோ ஒருவர் வீட்டுப் படியேறிச் சொல்லிக்கொடுத்த பிறகுதான். நம் பள்ளிகளில் பெரும்பாலும் தனியாகச் செவிலியர் கிடையாது. வருடத்தில் இருநூறு நாள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறவர் ஆசிரியர். மருந்து எழுதுவது நம் வேலை இல்லை, எழுதவும் கூடாது. கவனிக்கலாம், சொல்லிக்கொடுக்கலாம், சரியான இடத்துக்கு அனுப்பிவைக்கலாம்.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சங்கம் இருக்கிறதாமே?

அமெரிக்கப் பள்ளி உடல்நலச் சங்கம். 1927இல் தொடங்கியபோது அதன் பெயர் அமெரிக்கப் பள்ளி மருத்துவர்கள் சங்கம். 1936இல் பெயரை மாற்றி மற்றவர்களுக்கும் கதவைத் திறந்தார்கள். இன்று செவிலியர், உடல்நலக் கல்வி ஆசிரியர், உடற்கல்வி ஆசிரியர், ஆலோசகர், ஆய்வாளர் என்று பலரும் அதில் இருக்கிறார்கள். 'ஜர்னல் ஆஃப் ஸ்கூல் ஹெல்த்' என்ற ஆய்விதழ் அவர்களுடையது.

அந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் 1936. ஒரு பிள்ளையின் உடல்நலத்தை ஒரு தொழிலைச் சேர்ந்தவர்கள் மட்டும் பார்த்துக்கொள்ள முடியாது என்று மருத்துவர்களே ஒப்புக்கொண்ட வருடமாகத்தான் அதை நான் படிக்கிறேன். அந்த நாட்டில் பள்ளிகளுக்கு 2014இல் வகுத்த திட்டவரைவில் பத்து அங்கங்கள் இருக்கின்றன. உடல்நலக் கல்வி அதில் ஒன்று. உணவு, விளையாட்டு, மருத்துவச் சேவை, மனநல ஆலோசனை, கட்டடம், பள்ளியில் ஒருவரோடொருவர் பழகும் விதம், குடும்பம், ஊர் என்று மற்றவை வருகின்றன. பத்தில் ஒன்று பணியாளர்களின் நலம். அதாவது ஆசிரியரின் உடம்பும் கணக்கில் உண்டு. சர்க்கரை நோயோடு மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டு பதிவேடு எழுதுகிற தலைமையாசிரியர்கள் இதைப் படித்தால் நல்லது.

சங்கம் என்றதும் ஊதியத்துக்குப் போராடுகிற சங்கம்தான் நம் நினைவுக்கு வரும். அதுவும் வேண்டும். நான் சொல்வது, வேலையை இன்னும் நன்றாகச் செய்வது எப்படி என்று ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வதற்கான கூட்டு. பக்கத்துப் பள்ளி ஆசிரியர் வலிப்பு வந்த பிள்ளையை எப்படிக் கையாண்டார் என்பது எனக்குத் தெரியாமல் போவது பெரிய நஷ்டம்.

நம் அரசுப் பள்ளிகளில் இதற்கு ஏற்பாடே இல்லையா?

ஏற்பாடு இருக்கிறது. 2020 பிப்ரவரியில் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் பள்ளி உடல்நலத் திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்கள், முடிந்தவரை ஒரு ஆண், ஒரு பெண், நல்வாழ்வுத் தூதர்களாகப் பயிற்சி பெற வேண்டும். வளரிளம் பருவம், மனநலம், சத்துணவு, போதைப்பழக்கம், பாலினச் சமத்துவம், வன்முறையிலிருந்து பாதுகாப்பு, இணையத்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது என்று மொத்தம் 11 தலைப்புகள். விளையாட்டு, கதை, நாடகம், உரையாடல் மூலம் நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு, உரை நிகழ்த்த வேண்டியதில்லை. தலைப்புகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிள்ளைகளை அறிந்தவர்கள் என்பது என் எண்ணம். பயிற்சி முடிந்து பள்ளிக்குத் திரும்பிய ஆசிரியர் தனியாக நின்றுவிடுகிறார் என்பதுதான் குறை. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? எங்கள் சனிக்கிழமைக் கூட்டம் பிறந்ததே இதனால்தான்.

வருடா வருடம் மருத்துவக் குழு வண்டியில் வந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்க்கிறார்களே, அது போதாதா?

அந்தக் குழு ஆர்.பி.எஸ்.கே. என்கிற சிறார் நலத் திட்டத்தைச் சேர்ந்தது, 2013இலிருந்து நடக்கிறது. பிறவிக் குறைபாடு, சத்துக்குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் 18 வயதுவரை பார்க்கிறார்கள். அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை. இதய ஓட்டை, உதடு பிளவு என்று கண்டுபிடித்து இலவசமாக அறுவைசிகிச்சை வரை கொண்டுபோகிறார்கள். அவர்கள் வரும் நாளில் தயவுசெய்து பிள்ளைக்கு லீவு போடாதீர்கள்.

ஆனால் அது வருடத்தில் ஒரு நாள். ஏழாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். பலகையில் இருப்பதை எழுதமாட்டான், பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுவான். காப்பி அடிக்கிறான் என்று இரண்டு முறை இடம் மாற்றி உட்காரவைத்தேன், கடைசிப் பெஞ்சுக்கு. ஒரு நாள் பந்து விளையாடும்போது தன் பக்கம் வந்த பந்தை அவன் கடைசி நொடிவரை பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்தபோது இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை. அரசின் கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு முதல் நாள் வகுப்புக்கு வந்தவன் பலகையைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இலை தனித்தனியா இருக்கு மிஸ்" என்றான். அந்தப் பையனைக் கடைசிப் பெஞ்சில் உட்காரவைத்த அந்த மூன்று மாதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவது, அடிக்கடி தலைவலி, நோட்டைப் பார்த்து எழுதுவது. இந்த நான்கில் ஒன்று தெரிந்தாலும் வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் பிள்ளைக்குக் குமட்டுகிறது, நிறுத்திவிடலாமா?

நிறுத்துவதற்கு முன் எப்போது சாப்பிடுகிறாள் என்று பாருங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நிறையத் தண்ணீரோடு போட வேண்டும். மலம் கறுப்பாகப் போவது இரும்புச்சத்தால்தான், பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம், அவை இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா இரும்பு உடம்பில் சேர உதவும். காய்ச்சலாக இருந்தால் அந்த வாரம் விட்டுவிடலாம். தலசீமியா போன்ற ரத்தநோய் இருப்பது தெரிந்தால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை வாரம் ஒன்று, நீல நிற மாத்திரை. சின்னப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு. எதற்கு இவ்வளவு பாடு என்றால், 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பையன்களிலும் 31.1 சதவீதம். எட்டாம் வகுப்பில் மதியத்துக்குமேல் பிள்ளை பெஞ்சில் தலை சாய்த்தால் சோம்பேறி என்று நினைக்காமல், கீழிமையைக் கொஞ்சம் இழுத்து உள்பக்கம் பாருங்கள். வெளுத்திருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒன்று, இதை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன். 2023 மார்ச்சில் உதகையில் பள்ளிப் பிள்ளைகள் சிலர் யார் அதிகம் சாப்பிடுவது என்று பந்தயம் கட்டி இந்த மாத்திரையை விழுங்கினார்கள். ஒரு மாணவி உயிரிழந்தாள். சத்து மாத்திரை என்று நாம் சொல்லும்போது அது அளவுக்கு மீறினால் நஞ்சு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அட்டையைப் பிள்ளை கையில் கொடுத்து விநியோகிக்கச் சொல்லாதீர்கள். பூட்டிய பீரோவில் வையுங்கள், எண்ணிக் கொடுங்கள், உங்கள் கண்முன்னே விழுங்கட்டும். யாராவது அதிகமாக விழுங்கியது தெரிந்தால், பிள்ளை நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் உடனே 108.

குடற்புழு மாத்திரை கட்டாயமா? என் பிள்ளைக்குப் புழு எதுவும் இல்லையே.

இல்லை என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசியக் குடற்புழு நீக்க நாட்கள். இரண்டு வயதுக்கு மேல் ஒரு முழு அல்பெண்டசோல் மாத்திரை, 400 மில்லிகிராம். மென்று சாப்பிட வேண்டும். புழு அதிகம் இருக்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் வயிற்றுவலி, குமட்டல் வரலாம், சில மணி நேரத்தில் சரியாகிவிடும். அன்றைக்கு உடம்பு சரியில்லை என்றால் சொல்லிவிடுங்கள், விடுபட்டவர்களுக்கு இன்னொரு நாள் உண்டு. மாத்திரை புழுவை வெளியேற்றும், செருப்புப் போடாமல் வயலோரம் ஒதுங்குகிற பழக்கத்தை மாற்றாது. அது நம் பாடு.

சத்துணவு, காலை உணவு இதெல்லாம் உடல்நலக் கல்வியில் சேருமா?

நம் மாநிலத்தில் அதுதான் மிகப் பழைய உடல்நலப் பாடம். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம், 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவு, பிறகு முட்டை. 2022 செப்டம்பர் 15 மதுரையில் காலை உணவு தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பிரேயரில் மயங்கி விழுகிற பிள்ளைகளை இப்போது பார்ப்பது அரிதாகிவிட்டது என்று எங்கள் ஒன்றியத்து ஆசிரியர்கள் எல்லாருமே சொல்கிறார்கள்.

அந்தச் சாப்பாட்டு நேரத்தை நாம் பாடமாக்குவதில்லை என்பது என் வருத்தம். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் முட்டையின் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சள் கருவைத் தட்டில் ஒதுக்குவார்கள். நான் வகுப்பில் புரதம், வைட்டமின் ஏ என்று சொல்லி ஒன்றும் நடக்கவில்லை. சமையலர் அக்கா ஒரு நாள் தட்டுகளைப் பார்த்துவிட்டு, மறுநாள் முட்டையைப் பாதியாக வெட்டி மஞ்சள் கருமேல் மிளகுத்தூளும் உப்பும் தூவினார். தட்டுகள் காலியாகிவிட்டன. அவரும் உடல்நலக் கல்வி ஆசிரியர்தான். எங்கள் கூட்டத்துக்கு இப்போது அவர் வருகிறார், சத்துணவு அமைப்பாளரும் வருகிறார்.

மாதவிடாய் பற்றிப் பையன்களுக்கும் சொல்லித்தர வேண்டுமா?

வேண்டும். வகுப்பில் ஒரு பெண்ணின் பாவாடையில் கறை பட்டபோது சிரித்தவர்கள் பையன்கள். அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. முதல் வகுப்பைப் பெண்பிள்ளைகளுக்குத் தனியாக எடுங்கள், அவர்கள் தயங்காமல் கேட்பார்கள். அடுத்த வாரம் சேர்த்து எடுங்கள். பையன்களுக்கு எடுக்க ஒரு ஆண் ஆசிரியர் முன்வந்தால் இன்னும் நல்லது. எங்கள் உடற்கல்வி ஆசிரியர் எடுத்தார். "உங்க அம்மாவுக்கும் இதேதான்டா" என்று அவர் சொன்ன ஒரு வாக்கியத்தில் வகுப்பு அமைதியாகிவிட்டது.

புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் நாப்கின் மட்டும் போதாது. கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, உள்ளே தண்ணீர் வருகிறதா, பயன்படுத்தியதைப் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா? ஒரு எளிய சோதனை சொல்கிறேன். மாலையில் பெண்பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். காலையில் வீட்டில் நிரப்பியது அப்படியே கனமாக இருந்தால், உங்கள் கழிவறை சரியில்லை. போக வேண்டிவருமே என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் அப்படித்தான் வருகின்றன. எங்கள் பள்ளியில் நான் பாட்டில்களை மேசையில் வரிசையாக அடுக்கி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த அம்மாக்களைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு வாரத்தில் தாழ்ப்பாளும் குழாயும் வந்தன.

நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் எல்லாம் சின்னப் பிள்ளைக்குச் சொன்னால் பயந்துவிடாதா?

சொல்கிற விதத்தில் இருக்கிறது. ரோடு கடக்கச் சொல்லித்தருகிற அதே குரலில் சொல்லுங்கள், பயப்படாது. ஜட்டி மறைக்கிற இடம் உன்னுடையது. அதை யாராவது தொட்டாலோ, தன்னுடையதைத் தொடச் சொன்னாலோ "வேண்டாம்" என்று கத்து, அங்கிருந்து ஓடு, நம்புகிற ஒருவரிடம் சொல். அவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் சொல். முன்பின் தெரியாதவரைப் பற்றி மட்டும் எச்சரித்து நிறுத்திவிடாதீர்கள், தப்பு செய்கிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள்.

அப்புறம் ஆசிரியருக்கான பாடம். பிள்ளை வாய் திறந்தால் நிதானமாகக் கேளுங்கள். "நீ ஏன் அங்க போன?" என்று மட்டும் கேட்காதீர்கள். "சொன்னது நல்லது, உன் மேல தப்பில்ல" என்பது போதும். நீங்களே விசாரணை நடத்தக்கூடாது, பெயரை வெளியில் விடக்கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மூடிமறைப்பது குற்றம். குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளிக்கல்வித் துறையின் எண் 14417. பள்ளிகளில் வைத்திருக்கிற 'மாணவர் மனசு' பெட்டியைத் தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டாதீர்கள். யாரும் பார்க்காமல் பிள்ளை சீட்டுப் போடுகிற இடமாக இருக்கட்டும்.

வகுப்பில் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் சாவியைக் கையில் கொடுக்கலாமா?

வேண்டாம், இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமில்லை. பெஞ்சுகளைத் தள்ளுங்கள், பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்கடியில் ஒரு துணி, கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வைக்கக்கூடாது. கையைக் காலை அழுத்திப் பிடிக்கக்கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ மறுபடி வந்தாலோ 108. விழித்ததும் சுற்றி நாற்பது முகங்கள் நிற்கக்கூடாது. மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பி, பிறகு அவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். அடுத்த முறை நீங்கள் வகுப்பில் இல்லாமல் போகலாம்.

பள்ளி வாசல் கடையை என்ன செய்வது?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள் விற்கக்கூடாது. 18 வயதுக்குட்பட்டவருக்கு எங்குமே விற்கக்கூடாது. குழந்தைக்குப் புகையிலையோ மதுவோ கொடுத்தால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் 7 ஆண்டுவரை சிறை. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி போட்டது.

எங்கள் ஏழாம் வகுப்பு கணக்குப் பாடத்தில் இதை அளந்தோம். ஒரு கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு வாசலிலிருந்து இழுத்துக்கொண்டே போனோம். 91ஆவது முடிச்சு மூன்றாவது பெட்டிக்கடையைத் தாண்டிப் போனது. அங்கே தரையில் மஞ்சள் கோடு போட்டோம், புகையிலையில்லாப் பள்ளிக்கான வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. கடைக்காரர்களோடு சண்டை போடவில்லை, அவர்களுடைய பிள்ளைகளும் நம் பள்ளியில்தான் படிக்கிறார்கள். இரண்டு பேர் கேட்டுக்கொண்டார்கள். மூன்றாமவர் பற்றி மேலாண்மைக் குழு எழுத்தில் புகார் கொடுத்தது. உதட்டுக்குள் அடக்கி வைக்கிற சின்னப் புகையிலைப் பொட்டலம் இப்போது எட்டாம் வகுப்பு வரை வந்துவிட்டது. பையன் கீழுதட்டை அசைக்காமல் பேசினால் கவனியுங்கள். கண்டுபிடித்ததும் எல்லார் முன்னாலும் நிற்கவைக்காதீர்கள். தனியாக உட்காரவைத்து எப்போது ஆரம்பித்தது, யார் கொடுத்தது என்று கேளுங்கள்.

மனசு சரியில்லாத பிள்ளையைக் கவனிக்க ஆசிரியருக்கு என்ன தெரியும்?

சிகிச்சை தெரியாது, மாற்றம் தெரியும். பேசுகிற பிள்ளை பேசாமல் இருப்பது, சாப்பாட்டை மூடிவைப்பது, கையை மறைத்து முழுக்கைச் சட்டை போடுவது. கேட்டால் பிள்ளை கெட்டுப்போகாது. "சாகணும்போல இருக்கா?" என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற நிம்மதிதான் வரும். 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை எண் 14416, எந்த நேரமும் பேசலாம், ஆசிரியரும் பேசலாம்.

நேரம் எங்கே இருக்கிறது? பாடமே முடிக்க முடியவில்லையே.

இருக்கிற பி.டி. பீரியடைக் கணக்குக்கு எடுக்காமல் விட்டாலே பாதி நேரம் கிடைத்துவிடும். மீதியை ஏற்கெனவே நடக்கிறவற்றில் சேர்த்துவிடுங்கள். பிரேயரில் இரண்டு நிமிடம், சாப்பாட்டு வரிசையில் ஐந்து நிமிடம், கணக்கில் கயிறு. நான் பெரும்பாலும் தனி வகுப்பு எடுப்பதே இல்லை.

எங்கள் ஒன்றியத்திலும் இப்படி ஒரு குழு தொடங்க என்ன வேண்டும்?

மூன்று பேர் போதும். ஒருவர் உடற்கல்வி ஆசிரியராக இருப்பது நல்லது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள், எங்களிடம் அவர் மூன்றாவது மாதத்திலிருந்து வருகிறார். கூட்டத்துக்கு ஒரே ஒரு விதி வைத்திருக்கிறோம்: வருகிறவர் தன் பள்ளியில் அந்த மாதம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், சரியாக நடக்காததாக இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளையின் பெயரைச் சொல்லக்கூடாது. யாராவது ஒருவர் எழுதிவைக்க வேண்டும். எங்களிடம் இப்போது நாற்பது பக்க நோட்டு இரண்டு சேர்ந்திருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிற ஆசிரியருக்கு அதைத்தான் முதலில் படிக்கக் கொடுக்கிறோம்.

முதல் கூட்டத்துக்கு ஒரு கட்டிச் சோப்பு, கொஞ்சம் நல்லெண்ணெய், மஞ்சள்தூள் கொண்டுபோங்கள். ஆசிரியர்கள் முதலில் கழுவிப் பார்க்கட்டும். எங்கள் முதல் கூட்டத்தில் பதினோரு பேர் இருந்தோம். ஒன்பது பேருக்குக் கட்டைவிரல் மஞ்சளாகவே இருந்தது.